மாப்பிள்ளைக்கு அருவி அலர்ஜி

கேஷுவால்டிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

"சார், பதறாமல் வேலை பார்ப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று நீங்கள் போனில் கேட்டபோது பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டிருக்குமே, அது என் மனைவி. அவள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் குளியலறையில் கரப்பான் பூச்சி வந்தால் அடிக்கப் போகிறவள் அவள். கட்டில் மேல் ஏறி நின்று, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தகவல் சொல்கிறவன் நான். இப்படிப்பட்ட ஆள் தென்காசியில் அத்தனை வருஷம் அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தான் என்பது நோயாளிகளின் ஆயுள் கெட்டி என்பதைத்தான் காட்டுகிறது.

கேஷுவால்டியிலிருந்து நான் ஓய்வு பெற்றது வயதாகிவிட்டதால் அல்ல. ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருக்கிறேன். இடுப்பில் டிஸ்க் ஒன்று நகர்ந்துவிட்டது. இப்போது காலையில் மட்டும் உட்கார்ந்து சளி, இருமல் பார்க்கிறேன். சளிக்காரர்கள் பொறுமைசாலிகள். நான் யோசிக்கிற வரைக்கும் உயிரோடு இருப்பார்கள்.

ஆகவே, பதறாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. பதறிக்கொண்டே சரியான காரியத்தைச் சரியான வரிசையில் செய்வது எப்படி என்று ஓரளவு தெரியும். அதையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை, ஒரு புதுமாப்பிள்ளையின் வயிறு.

சீசன் நேரத்தில் நம் மருத்துவமனை குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கீழ்த்தள அறையில் முதலுதவி மையம் போடும் அல்லவா, அந்த வருஷம் அங்கே என்னைப் போட்டிருந்தார்கள். சுகமான வேலை. பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் வருவார்கள். குரங்கு பிறாண்டியவர்கள் வருவார்கள். அருவியில் பல்செட்டைப் பறிகொடுத்துவிட்டு, "தண்ணி குறைஞ்ச பொறவு கெடைக்குமா டாக்டரே?" என்று நம்மிடம் கேட்பவர்களும் வருவார்கள். சாரல் அடிக்கும். டீ வரும். சம்பளமும் வரும்.

அப்படி ஒரு முற்பகலில், இடுப்பில் துண்டு மட்டும் கட்டிய ஒரு இளைஞனை ரெண்டு பேர் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டு வந்தார்கள். தலையிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து ஒழுகின. கண் ரெண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. உதடு தனியாக ஒரு ஊருக்குப் புறப்பட்டது போல் முன்னால் போயிருந்தது. உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

இடது பக்கம் தாங்கியவர் மாமனார் ஆவுடையப்பன் அண்ணாச்சி. இலஞ்சியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். வலது பக்கம் தாங்கியவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர். அவர் தாங்கி வரவில்லை, இழுத்து வரப்பட்டிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பின்னாலேயே மணப்பெண் உமா, கையில் மாப்பிள்ளையின் சட்டை, பேண்டோடு வந்தாள். கல்யாணம் முடிந்து மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. மாப்பிள்ளை மாரிச்செல்வத்துக்குச் சொந்த ஊர் திருவேங்கடம். அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். மறுவீட்டுக்கு வந்த இடத்தில் குற்றாலக் குளியல்.

"டாக்டரே, இவன் எண்ணெயில என்னத்தையோ கலந்துட்டான். எம் மருமவன பாருங்க, பூசணிக்கா மாதிரி ஆயிட்டாவ" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அதே கிண்ணத்து எண்ணெயத்தான உங்களுக்கும் தேச்சேன். நீங்க நல்லாத்தான இருக்கிய?" என்றார் எண்ணெய்க்காரர்.

"நான் வேற, அவுக வேறவே. அவுக கம்ப்யூட்டர் படிச்சவுக."

இந்த விவாதத்தில் நானும் கலந்துகொண்டேன் என்பதை வெட்கத்தோடு தெரிவிக்கிறேன். என்ன எண்ணெய், இதற்கு முன் யாருக்காவது இப்படி ஆயிற்றா என்றெல்லாம் விசாரித்தேன். மாப்பிள்ளையை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். அவில் என்கிற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டேன். போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்ற தோரணையில் கையைத் துடைத்தேன்.

மாப்பிள்ளை பானைக்குள்ளிருந்து பேசுகிற குரலில், "வயித்த வலிக்கு" என்றான். உடனே குனிந்து வாந்தி எடுத்தான்.

"என்ன சாப்பிட்டிய?"

"புரோட்டாவும் கோழியும்" என்றார் அண்ணாச்சி. "கேரளா பார்டர்ல நமக்குத் தெரிஞ்ச கடை. குளிச்சிட்டுத்தான் எல்லாரும் போவாவ. அந்நேரம் கூட்டத்துல நிக்க முடியாதுன்னு நாந்தான் மொதல்ல சாப்பிட்டுருவோம்னு கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் அதத்தான் சாப்பிட்டோம். எனக்கு ஒண்ணும் இல்லியே."

"கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிருக்கும்" என்றேன் நான், ஞானி மாதிரி.

தம்பிகளே, தங்கைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தோல் தடித்திருக்கிறது, உதடு வீங்கியிருக்கிறது, கூடவே வயிறு முறுக்கி வாந்தி வருகிறது. நான் தோலைத் தோல் வியாதி என்றும் வயிற்றை வயிற்றுக் கோளாறு என்றும் ரெண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆளின் உடம்பில் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் தீப்பிடித்தால் தீ ஒன்றுதான் என்று பரீட்சையில் எழுதித்தான் பாஸாகியிருந்தேன். பரீட்சை ஹாலில் மாமனார் கிடையாது.

பி.பி. பார்த்தேன். அளவு அவ்வளவு கீழே இருந்ததைப் பார்த்ததும் மிஷின் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். சரிபார்க்க என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். மிஷின் நன்றாக இருந்தது. என் பி.பி.தான் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்தான்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன மருந்து என்று தெரியாமலில்லை. அட்ரினலின். தெரிந்தும் கை போகவில்லை. சின்ன வயசு, இதயம் தாறுமாறாக அடித்துவிட்டால்? புதுப்பெண் எதிரே நிற்கிறாளே? இப்படி, ஆளைக் கொல்ல வந்திருக்கிற வியாதியை விட்டுவிட்டுக் காப்பாற்ற வந்த மருந்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். நான் பார்த்த வரையில் நம் தொழிலில் இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. உங்களுக்கும் வரும். வரும்போது, நாற்காலியில் சரிகிறவனைப் பாருங்கள்.

"படுங்க, படுங்க" என்று கத்தினேன். மாப்பிள்ளைக்குச் சொன்னதுதான். ஆனால் நான் கத்திய கத்தலில் எண்ணெய்க்காரர் அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் மல்லாந்துவிட்டார். குண்டு ஏதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்தாராம். உமா மட்டும்தான் நின்றாள். அவள்தான் என்னோடு சேர்ந்து கணவனைத் தரையில் கிடத்தினாள். படுத்துக் கிடந்த ரெண்டு பேரையும் தாண்டிப் போய் அட்ரினலின் ஆம்பியூலை, அந்தக் கண்ணாடி மருந்துக் குப்பியை, எடுத்தேன். அவசரத்தில் முதல் ஆம்பியூல் தரைக்குப் போனது. அடுத்ததை உடைத்து, துண்டை விலக்கித் தொடையின் வெளிப்பக்கச் சதையில் குத்தினேன்.

சில நிமிஷங்களில் நாடி கைக்கு அகப்பட்டது. தடிப்புகள் வெளிற ஆரம்பித்தன. மாப்பிள்ளை கண்ணைக் கொஞ்சம் திறந்து, பக்கத்தில் படுத்திருந்த மாமனாரைப் பார்த்து, "மாமாவுக்கும் ஆயிட்டா?" என்று கேட்டான்.

தென்காசிக்குக் கொண்டுபோய் மறுநாள் வரை படுக்க வைத்தோம். அடங்கின மாதிரி இருந்துவிட்டு மறுபடி கிளம்பும் வியாதி அது. ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பிழைத்துவிட்டான். அடுத்த கேள்வி, எதனால்? நான் துப்பறிய இறங்கினேன். எண்ணெயை வாங்கி அவன் முன்கையில் தடவினேன். ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சிலருக்குத் தடிக்கும். அதற்காக சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். கை ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். கோழியும் புரோட்டாவும் அவனுக்குப் புதுசு இல்லை. "வாரத்துல பாதி நாள் ராத்திரி புரோட்டாதான் சார். இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல" என்றான். கொஞ்சம் விட்டால் அதைச் சாதனை மாதிரிச் சொல்வான் போலிருந்தது.

ஆக எண்ணெய் இல்லை, குளிர் இல்லை, சாப்பாடு இல்லை. மிச்சம் இருப்பது அருவி. தண்ணீர் விழுகிற வேகம் தோலை அடித்து இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மாமனார் முகத்தைப் பார்த்தால் பெயர் ஒன்று வேண்டும் என்று தெரிந்தது. "அருவி அலர்ஜி" என்றேன். அப்படி ஒரு வியாதி உலகத்தில் கிடையாது. அந்த அறையில் அப்போதுதான் பிறந்தது.

அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. "அருவிதான? குளிக்காம இருந்தாப் போச்சு. வீட்டுல வெந்நி இருக்கு" என்றார். வியாதியின் பெயரே ஊருக்குப் பொருத்தமாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. மற்றவர்கள் வீட்டு மருமகன்களுக்குச் சர்க்கரைதான் இருக்கிறது.

பெயர் வைத்ததில் என்ன ஆபத்து என்று இப்போது சொல்கிறேன். பெயர் வந்ததும் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டோம். மாப்பிள்ளை அருவியிலிருந்து தள்ளி இருந்தால் உயிருக்குப் பயம் இல்லை என்று நம்பிவிட்டான். அவனைக் கொல்ல வந்தது அவனுக்கு முன்னால் இலையிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் மறுபடி குற்றாலத்து அறையில் டீயோடு இருக்கிறேன். போன் அடித்தது. அண்ணாச்சி.

"டாக்டரே, மாப்ளைக்கு மறுபடியும் அதே மாதிரி வருது. தண்ணியே படல டாக்டரே. காலையில இருந்து பல்லு கூட வெளக்கல."

நடந்தது இதுதான். இலஞ்சியில் மாமனார் வீட்டில் மதியத்துக்குப் பார்சல் புரோட்டா வாங்கி வந்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை தோப்பில் கட்டிலில் படுத்திருக்கிறான். மாமனார் எடுத்துக் கொடுத்த புதுச் செல்போனை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. பரிசுப் பொருள் அல்லவா, இவனும் பின்னாலேயே தோப்பு முழுக்க விரட்டியிருக்கிறான். குரங்கு தென்னை உச்சிக்குப் போய்விட்டது. இவன் தென்னையடியில் விழுந்துவிட்டான்.

என் அருவி அலர்ஜி அந்த நிமிஷமே செத்தது. மாப்பிள்ளை சாகக் கூடாது என்பதுதான் மிச்சம்.

"மூச்சு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"இழுக்குது. வயித்தப் புடிச்சிக்கிட்டு உருளுதாவ. நான் பைக்குல நடுவுல உக்கார வச்சு கூட்டியாந்துருதேன்."

"உக்கார வைக்காதிய, ரத்தம் தலைக்கு ஏறாது. பைக்கே வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைங்க. காலத் தூக்கி வைங்க. படுக்க வச்சு எதுல கொண்டு வர முடியும்?"

"லோடு ஆட்டோ நிக்கி. தேங்கா ஏத்திருக்கு."

"நல்லதாப் போச்சு. தேங்கா மேல காலைத் தூக்கி வைங்க."

"கோயிலுக்குப் போற தேங்கா டாக்டரே. கால வைக்கச் சொல்லுதிய?"

"அண்ணாச்சி, சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க வண்டிய எடுங்க."

ஆம்புலன்ஸ் தென்காசியிலிருந்து கிளம்பி வருவதற்குள் லோடு ஆட்டோ என்னிடம் வந்துவிடும். இந்தக் கணக்கு ஒன்றைத்தான் அன்றைக்கு என் மூளை உருப்படியாகப் போட்டது. ஆம்புலன்ஸைக் குற்றாலத்துக்கே வரச் சொன்னேன். அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றி, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். சும்மா நின்றிருக்கலாம். நடுத்தெருவில் இங்கும் அங்கும் உலாத்தினேன். அருவிக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் ஊசியைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். ஒரு அம்மா, "குற்றாலத்துல இப்ப தடுப்பூசி கட்டாயமா?" என்று விசாரித்தார்.

லோடு ஆட்டோ வந்தது. தேங்காய்க் குவியலில் கால், தகரத்தில் தலை, அந்தத் தலை உமா மடியில். இறக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. வண்டி மேலேயே ஏறி, லுங்கியோடு சேர்த்துத் தொடையில் குத்தினேன். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சிக்கு வணக்கம் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தும் பி.பி. ஏறவில்லை. ரெண்டாவது ஊசியும் போட்டேன். சலைனை வேகமாக விட்டேன். ஆம்புலன்ஸ் வந்தபோது மாப்பிள்ளை, "செல்போன் கெடைச்சிச்சா?" என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தான்.

என் பதற்றம் முதல் தடவையைவிட அன்றைக்குத்தான் அதிகம். ஆனால் ஊசி முதலில் போனது. பதறின கையும் பதறாத கையும் குத்தினால் உள்ளே போகிற மருந்து ஒன்றுதான்.

தென்காசியில் மயக்க மருந்து நிபுணராக இருந்தவள் என் வகுப்புத் தோழி. பெயர் போட்டால் என்னை மயக்க மருந்து இல்லாமலே ஆப்பரேஷன் செய்துவிடுவாள், அதனால் போடவில்லை. ஐ.சி.யூ. வாசலில் என்னைப் பார்த்ததுமே தொடங்கிவிட்டாள்.

"என்னலே, அருவி அலர்ஜியாம்ல? தோப்புல எங்கலே அருவி விழுது?"

"தப்புத்தான். அதை விடு. வேற என்னவா இருக்கும்?"

"எங்கிட்ட ஏன் கேக்க? அவன்கிட்ட கேளு. என்ன சாப்பிட்டான்னு கேட்டுட்டு நிப்பாட்டாத. சாப்பிட்டுட்டு என்ன செஞ்சான்னு கேளு."

உள்ளே போய்க் கேட்டேன். மாப்பிள்ளையை முந்திக்கொண்டு உமா பதில் சொன்னாள். "அருவிக்குப் போன அன்னைக்கும் புரோட்டா சாப்பிட்டோம் டாக்டர். குளிச்சிக்கிட்டு இருக்கும்போதே தண்ணி கூடிருச்சு. போலீஸ்காரங்க விசில் அடிச்சாங்க. எல்லாரும் மேல ஓடுனோம். நான் வழுக்கிருவேன்னு இவுங்க என்னைய இழுத்துக்கிட்டு ஓடுனாங்க. மேல வந்தப்புறந்தான் சொறிய ஆரம்பிச்சாங்க."

"ஊர்ல புரோட்டா சாப்பிட்டா அதுக்கப்புறம் என்ன செய்வீங்க தம்பி?"

மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. "படுத்துருவேன் சார்."

வெளியே வந்து தோழியிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "கோதுமைதாம்ல. புரோட்டா மைதாவும் கோதுமைதான. தின்னா ஒண்ணும் செய்யாது. ஓடினாலும் ஒண்ணும் செய்யாது. தின்னுட்டு ஓடினா ஆளத் தூக்கும். இத்தன நாளு அவன உயிரோட வச்சிருந்தது அவன் சோம்பேறித்தனம்."

இதை மாமனாருக்கு விளங்க வைக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடல், நோயெதிர்ப்பு, புரதம் என்று நான் ஆரம்பித்ததும் அவர் கண் செருகியது. கல்யாண வீட்டை வைத்துச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நோயாளி வீட்டாரிடம் பிறகு நீங்களும் சொல்லலாம்.

குடல் என்பது கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிற ஹாலின் கதவு. சாப்பாட்டில் வருகிற புரதம் கும்பலாக வரும். வயிற்று அமிலமும் செரிமான நீர்களும் அந்தக் கும்பலைப் பிரித்துத் தனித்தனி ஆளாக்கி அனுப்பும். கதவில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக உள்ளே விடுவார்கள். தனியாக வருகிறவனை, எந்தக் குடும்பத்து ஆள் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிற நோயெதிர்ப்புச் சொந்தக்காரர்களும் பெரும்பாலும் தங்கமானவர்கள். சாப்பாட்டைப் பார்த்தால் நம்ம ஆள் என்று விட்டுவிடுவார்கள். அதற்கே அவர்களைக் குடல் பழக்கி வைத்திருக்கிறது.

ஆனால் சில உடம்பில் ஒரு மாமா இருப்பார். அவருக்கு ஒரு குறிப்பிட்ட குடும்பத்தோடு பகை. காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. அந்தக் குடும்பத்தின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தியில் காத்திருப்பார். மாமாதான் மாஸ்ட் செல். போட்டோதான் ஐ.ஜி.ஈ. என்கிற எதிர்ப்புப் பொருள். மாரிச்செல்வத்தின் மாமாவுக்குக் கோதுமைக் குடும்பத்தோடு பகை.

அவன் சாப்பிட்டுப் படுத்திருக்கிற வரை கதவில் ஆள் இருக்கிறது. கோதுமைக்காரர்கள் பிரிந்து பிரிந்து வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். மாமாவுக்கு அடையாளம் தெரிவதில்லை. அவன் எழுந்து ஓடினால், குடலுக்குப் போக வேண்டிய ரத்தம் காலுக்குப் போய்விடுகிறது. கதவில் நின்றவர்களை வெளியே வண்டி தள்ளக் கூப்பிட்டுவிட்ட மாதிரி. அந்தச் சமயம் பார்த்துக் கோதுமைக் குடும்பம் பிரியாமல், ஜீப்போடு உள்ளே நுழைந்துவிடுகிறது. மாமா போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். சாம்பார் அண்டாவைக் கவிழ்க்கிறார். அண்டாவில் இருப்பது ஹிஸ்டமினும் அதன் கூட்டாளிகளும். அது ரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் போகிறது. தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சுக்குழாயில் இறுக்கம், குடலில் முறுக்கு, ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து பி.பி. பாதாளத்துக்கு. அவில் என்ன செய்யும் என்றால், கொட்டின சாம்பாரில் கொஞ்சத்தைத் துடைக்கும். அட்ரினலின்தான் தளர்ந்த குழாயை இறுக்கி, இறுகின மூச்சைத் திறந்து, மாமா கையிலிருக்கிற அடுத்த அண்டாவையும் பிடுங்கும்.

ஓடும்போது கதவு ஏன் தளர்கிறது என்பது இன்னும் முழுசாக யாருக்கும் பிடிபடவில்லை. பெரியவர்கள் சொல்கிற விளக்கங்களில் இது ஒன்று. வலி மாத்திரை போட்டாலும், சிலருக்கு மது குடித்தாலும் கதவு இப்படித் தளரலாம். நோயாளியிடம் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கடைசியில், "டாக்டரே, அந்த மாமா அவுக பக்கத்துச் சொந்தந்தான? எங்க பக்கம் இல்லையே?" என்றார்.

பிறகு ஒரு யோசனையும் வைத்தார். "இங்கனயே ஒரு புரோட்டாவத் தின்ன வச்சு வராண்டாவுல ஓட விட்டுப் பாத்துருவமா? ஒங்களுக்கும் உறுதியாத் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

உங்களிடம் மறைப்பானேன், ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. தோழி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஏலே, ஓடி விழுந்தா நீ அவனப் பாப்பியா, இல்ல ஒன்னைய நாங்க பாக்கணுமா?" என்றாள். ரத்தத்தை எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கோதுமைப் பகை இருப்பது உறுதியாகி வந்தது.

கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது என்று சொன்னோம். மாப்பிள்ளை புரோட்டாவுக்குத் துக்கம் அனுஷ்டித்தான். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் சில மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்றோம். அது அவனுக்குச் சுலபம். வெளிநாட்டில் கிடைக்கிற பேனா ஊசி நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பியூல், சிரிஞ்ச், அளவுக்குச் சிரிஞ்சில் மார்க்கர் கோடு, எல்லாம் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துக் குடும்பத்தையே பழக்கினோம். வாழைத்தண்டில் குத்திப் பழகச் சொன்னேன். அண்ணாச்சி தண்டில் குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டார். உமா மூடவில்லை.

"எப்பப் போடணும்னு எப்படித் தெரியும் டாக்டர்? சும்மா சொறியிறதுக்கெல்லாம் போட்டுறக் கூடாதுல்லா?" என்று அவள் கேட்டாள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. தோலோடு நின்றால் பக்கத்தில் இருந்து பார். தோலோடு வயிறோ மூச்சோ மயக்கமோ சேர்ந்தால் போடு. கோதுமை உள்ளே போனது தெரிந்து மூச்சோ மயக்கமோ வந்தால், தோலில் ஒரு பொட்டுத் தடிப்பு இல்லாவிட்டாலும் போடு. போடலாமா என்று என்னை போனில் கேட்காதே, போட்டுவிட்டுக் கேள். இதைச் சொன்னபோது எனக்கே ஆச்சரியம், என் குரல் நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கேஷுவால்டியிலிருந்து விலகி, இடுப்பு பெல்ட்டோடு சளி பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலையில் உமாவின் போன்.

"டாக்டர், ஊசி போட்டுட்டேன்."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. எதிரே இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்திவிட்டார்.

அச்சன்புதூரில் ஒரு காதுகுத்து வீடு. காலை டிபனில் இலையில் கேசரி விழுந்திருக்கிறது. அரிசி ரவையில் செய்தது என்று யாரோ சொன்னதை நம்பி மாப்பிள்ளை வழித்துச் சாப்பிட்டிருக்கிறான். வெளியே வந்தால், வேன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். தள்ளப் போய்விட்டான்.

"தொடையிலதான போட்ட? வெளிப்பக்கம்?"

"ஆமா."

"படுக்க வச்சிருக்கா? உக்கார வைக்கலியே?"

"ரோட்டுல ஜமுக்காளம் விரிச்சுப் படுக்க வச்சிருக்கோம்."

"ஆம்புலன்ஸ்?"

"ஊசி போட்ட கையோட கூப்பிட்டாச்சு. வந்துக்கிட்டு இருக்கு. ரெண்டாவது மருந்தும் உடைக்காம கையில வச்சிருக்கேன்."

கேட்க என்னிடம் வேறொன்றும் இல்லை. அன்றைக்குக் குற்றாலத்தில் நான் கடைசியாகச் செய்ததையெல்லாம் அவள் முதலிலேயே செய்து முடித்திருந்தாள். பதறுவதற்கு எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. இருந்தாலும் பதறிக்கொண்டு நின்றேன், பழக்கதோஷம். மருந்து பிடித்ததா இல்லையா என்பதை அச்சன்புதூர் ரோட்டில் கிடக்கிறவனின் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

போன் கைமாறியது. அண்ணாச்சி.

"டாக்டரே, ஒரு சந்தேகம். கால் ஒசரமா வைக்க இங்கன ஒண்ணும் அகப்படல. நானே ரோட்டுல உக்காந்து எம் மடியில தூக்கி வச்சிருக்கேன். காதுகுத்துக்கு வந்த சனமெல்லாம் சுத்தி நின்னு பாக்கு. மருமவன் கால மாமனாரு எம்புட்டு நேரம் புடிக்கணும்?"

"ஆம்புலன்ஸ் வார வரைக்கும் அண்ணாச்சி."

பின்னாலிருந்து ஒரு குரல், மெலிந்துதான் இருந்தது, ஆனால் இரைப்பு இல்லாமல், ஒரே மூச்சில் முழு வாக்கியமாக வந்தது. "மாமா, காலக் கீழ எறக்கி விடுங்க, எல்லாரும் பாக்காங்க, எனக்கு வெக்கமா இருக்கு."

"சும்மா கெடங்க மாப்ள. அசையப்பிடாதுன்னு சொல்லிருக்காவள்லா."

வெட்கப்படுகிற அளவுக்கு மூளைக்கு ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன். எதிரே இருந்தவரிடம், "இப்ப இருமுங்க" என்றேன்.